பென்டியத்தின் மேல் போட்ட பழி

நம் ஊரில் மேசைக் கணினியின் பெட்டியை யாரும் பெட்டி என்று சொல்வதில்லை, 'சிபியு' என்கிறோம். வீடு மாற்றும்போது "சிபியுவைப் பார்த்துத் தூக்குங்க" என்கிறோம். ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போது "சிபியு பின்னாடி எவ்வளவு தூசி பாரு" என்கிறோம். ஹார்ட் டிஸ்க், ராம், மின்சாரம் பகிர்ந்து தரும் எஸ்எம்பிஎஸ், அதன் இரைச்சல் என எல்லாவற்றையும் உள்ளடக்கிய அந்தத் தகரப் பெட்டி முழுவதற்கும், அதற்குள் ஒரு விசிறிக்கு அடியில் மூன்றே முக்கால் சென்டிமீட்டர் சதுரத்தில் அமர்ந்து கணக்கெல்லாம் போடும் ஒரேயொரு உறுப்பின் பெயரைச் சூட்டிவிட்டோம். பெயரில் என்ன இருக்கிறது என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் பெட்டி மெதுவாக ஓடும்போது 'சிபியு மெதுவாகிவிட்டது' என்று சொல்கிறோம். சொல்லிச் சொல்லி அதையே நம்பியும் விடுகிறோம். அப்படி நம்பித்தான், பென்டியம் என்ற பெயருள்ள, ஒரு பாவமும் அறியாத அப்படியோர் உறுப்பை நான் இரண்டு வருடத்துக்கும் மேலாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த உறுப்பை இந்தக் கட்டுரையில் புராசசர் என்றே எழுதப்போகிறேன். 'செயலி' என்ற நல்ல சொல் நம்மிடம் இருந்தது. கைபேசியில் இறக்கிக்கொள்ளும் ஆப்களுக்கு அதைத் தாரைவார்த்துவிட்ட பிறகு, 'என் செயலி பழையதாகிவிட்டது' என்று எழுதினால், பிளே ஸ்டோருக்குப் போய் அப்டேட் செய்யுங்கள் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நுண்செயலி என்று எழுதலாம்தான். மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவனாகிய எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் எந்தக் கடையிலும் நான் நுண்செயலி என்று கேட்டு வாங்கியதில்லை.

நான் கேட்டு வாங்கியது 2017 ஜூன் மாதக் கடைசி வாரத்தில். ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி நடைமுறைக்கு வரவிருந்தது. எந்தப் பொருளின் விலை ஏறும், எது இறங்கும் என்று சென்னை ரிச்சி தெருவில் கடைக்காரர்களுக்கே தெளிவில்லாமல் இருந்த வாரம் அது. பழைய கணினியின் மதர்போர்டில் கெபாசிட்டர்கள் உப்பிப்போய்விட்டிருந்தன. கையில் ஒரு பாடநூல் மொழிபெயர்ப்பு பாதியில் நின்றிருந்தது. ஒரு துண்டுச்சீட்டில் 'ஐ3-7100' என்று இன்டெல் புராசசர் ஒன்றின் பெயரை எழுதிக்கொண்டு போயிருந்தேன். சீட்டை வாங்கிப் பார்த்த கடைக்காரர், "என்ன வேலை சார் பண்ணுவீங்க?" என்று கேட்டார். தட்டச்சு, பிடிஎஃப், இணையம் என்றேன். "அப்ப ஐ3-க்கு எதுக்கு சார் டபுள் காசு? பென்டியம் ஜி4560 போடுங்க. இதுலயும் ரெண்டு கோர், நாலு த்ரெட்தான்" என்றார். கோர் என்பது புராசசருக்குள் கணக்குப் போடும் தனி அலகு, த்ரெட் என்பது அது ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்ளும் வேலை வரிசை. தன் கல்லாவுக்குக் குறைவாக வரும் பொருளைத் தானே பரிந்துரைத்த கடைக்காரரை அதற்கு முன்னும் பின்னும் நான் சந்தித்ததில்லை.

64 டாலர்

அவர் சொன்னதில் மிகையில்லை என்பது வீட்டுக்கு வந்து படித்தபோது புரிந்தது. 2017 ஜனவரியில் இன்டெல் வெளியிட்ட கேபி லேக் என்ற ஏழாம் தலைமுறை வரிசையில் ஜி4560 ஒரு விநோதமான பிறவி. அதற்கு முந்தைய ஜி4400 வரை பென்டியம் என்றால் இரண்டு கோர், இரண்டு த்ரெட், அவ்வளவுதான். ஒரு கோர் தன்னை இரண்டாகக் காட்டிக்கொள்ளும் ஹைப்பர்-த்ரெடிங் வசதி வேண்டுமென்றால் ஐ3-க்குத்தான் போக வேண்டும். அந்தக் காலத்தில் ஐ3 விற்றதே அதை நம்பித்தான். கேபி லேக்கில் அந்த வசதியை இன்டெல் பென்டியத்துக்கும் இறக்கியது. 3.5 கிகாஹெர்ட்ஸ், 3 எம்பி கேஷ் (புராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்), 54 வாட், பட்டியல் விலை 64 டாலர். 117 டாலர் ஐ3-7100 அதைவிட 0.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் கூடியது. கேஷ் அதே 3 எம்பி. இன்னொரு வித்தியாசமும் இருந்தது. அது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் உறைத்தது. அந்தக் கதை பின்னால் வரும்.

பென்டியம் என்ற பெயரின் வீழ்ச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. 1993இல் அந்தப் பெயர் வந்தபோது அது இன்டெல்லின் உச்சி. என் தலைமுறையில் கணினி கற்றுக்கொண்டவர்களுக்கு, 'பென்டியம் இருக்கு' என்று சொல்வது வீட்டில் கார் நிற்கிறது என்று சொல்வதற்குச் சமம். 2006இல் கோர் என்ற புதிய பெயர் மேலே வந்து உட்கார்ந்ததும், பென்டியம் படியிறங்கி மலிவு விலைப் பொருளாயிற்று. 2022இல் அந்தப் பெயரையே விட்டுவிடப்போவதாக இன்டெல் அறிவித்தது. நான் வாங்கிய ஜி4560, அந்தப் படியிறக்கத்தின் நடுவில் ஒருமுறை நிமிர்ந்து நின்ற பென்டியம் என்று சொல்லலாம். நிமிர்ந்து நிற்க அதற்குக் கிடைத்ததும் சில மாதங்கள்தான். அதே 2017 அக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்து, ஐ3-க்கே நான்கு கோர் என்றாகிவிட்டது.

கடையில் அன்று கண்ட ஒரு காட்சி இன்னும் நினைவில் இருக்கிறது. எச்110 மதர்போர்டில் புராசசரைப் பொருத்தி மின்சாரம் கொடுத்தால் விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பொறுப்பிலிருந்த பையன் கொஞ்சமும் பதறாமல் விசிறியைக் கழற்றி, என் ஜி4560ஐ எடுத்து ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து விளிம்பெல்லாம் வெப்பம் கடத்தும் பேஸ்ட் அப்பிய ஒரு ஜி4400ஐ எடுத்துப் பொருத்தினான். இப்போது திரை வந்தது. அந்த போர்டு கேபி லேக்குக்கு முந்தைய ஸ்கைலேக் காலத்தில் செய்யப்பட்டது. கேபி லேக்கை அடையாளம் காண, கணினியைத் தொடக்கிவைக்கும் அதன் பயோஸ் நிரலைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டுமென்றால் அது அறிந்த பழைய புராசசர் ஒன்று உள்ளே இருக்க வேண்டும். பென் டிரைவிலிருந்து பயோஸை ஏற்றிவிட்டு மீண்டும் என்னுடையதைப் பொருத்தினான். அந்த இழுப்பறை ஜி4400 எத்தனை நூறு போர்டுகளுக்கு இப்படி மருத்துவச்சி வேலை பார்த்ததோ, தெரியாது. புத்தம் புதிய புராசசரைக்கூட, தனக்கு அறிமுகமில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு போர்டு மறுக்கும் என்று அன்றைக்கே பார்த்துவிட்டேன். பார்த்ததிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

திட்டு வாங்கிய காலம்

முதல் ஒன்றரை வருடம் குறையொன்றும் இல்லை. பிறகு மெல்ல மெல்லத் தொடங்கியது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டுப் பல் துலக்கப் போவேன். பிறகு பல் துலக்கிக் காப்பியும் குடித்துவிட்டு வருவேன். 2020 வாக்கில் குளித்துவிட்டே வரலாம் என்ற நிலை. திரையில் முகப்புப் படம் வந்துவிடும், அம்புக்குறியும் நகரும், ஆனால் எதைச் சொடுக்கினாலும் ஒரு நீல வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும். நானூறு பக்க மெய்ப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பிரவுசரில் ஒரு அகராதிப் பக்கத்துக்குப் போய்த் திரும்பினால், ஆவணம் வெளிறிப்போய் 'பதிலளிக்கவில்லை' என்று நிற்கும். ஊரடங்குக் காலத்தில் மகளின் இணைய வகுப்பும் அதிலேயே நடந்தது. ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டு, அது இவளுக்குக் கேட்டு, இவள் ஒலிவாங்கியைத் திறப்பதற்குள் வகுப்பு அடுத்த கேள்விக்குப் போயிருக்கும். "அப்பா, நம்ம சிபியு ரொம்ப ஸ்லோப்பா" என்பாள். "மலிவா வாங்கினது, அப்படித்தான் இருக்கும்" என்பேன். சொல்லும்போதே ரிச்சி தெருக் கடைக்காரரின் முகம் நினைவுக்கு வரும். அவர் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது என்று மனத்துக்குள் ஒரு வசை ஓடும்.

வீட்டுக்கு வந்து பார்த்த பழுதுநீக்குபவர் முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தார். ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை என் மகளின் அழிப்பானால் தேய்த்து, ஊதி, திரும்பப் பொருத்தினார். ப்ளோயர் வைத்துத் தூசியை ஊதியதில் கூடம் முழுவதும் மூக்கைப் பொத்திக்கொண்டது. பிறகு திரையில் கணினியின் விவரப் பக்கத்தைத் திறந்து, 'பென்டியம்' என்ற சொல்லின் மேல் அம்புக்குறியை வைத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் போதுமானதாக இருந்தது. மதர்போர்டு, புராசசர், ராம் மூன்றையும் மாற்ற ஆகும் தொகையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஐந்து இலக்கம். ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருப்பதால் அதை அப்படியே புதியதில் மாட்டிக்கொள்ளலாம் என்று ஆறுதலும் சொன்னார். அந்த ஆறுதலை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அவர் சொன்னபடி செய்திருந்தால், பணத்தைக் கொடுத்துவிட்டு நோயை மட்டும் பத்திரமாகப் புதுப் பெட்டிக்குக் குடியேற்றியிருப்பேன்.

பணம் புரட்ட இரண்டு மாதம் ஆகும் போலிருந்தது. அதற்குள் 2021 ஆகஸ்ட் கடைசியில் அக்கா மகன் ஊரிலிருந்து வந்திருந்தான். பொறியியல் இரண்டாம் ஆண்டு. எதையும் உடனே நம்பாத வயது. தாளைப் படித்துவிட்டு, "மாமா, இது மெதுவா இருக்குன்னு சொல்றீங்களே, உள்ள யாரு மெதுவா இருக்காங்கன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டான். அதை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியாது. மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்கினான். கணினிக்குள் எந்த உறுப்பு எவ்வளவு வேலையில் இருக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் திறக்கவே அரை நிமிடம் ஆயிற்று. திறந்ததும் மேல் வரிசையில் எண்கள் தெரிந்தன: சிபியு 9%, மெமரி 87%, டிஸ்க் 100%.

நான் அந்த 9ஐப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது 6 ஆயிற்று, 11 ஆயிற்று, திரும்ப 7க்கு இறங்கியது. பக்கத்தில் 100 அசையவே இல்லை. அந்தக் கட்டம் மட்டும் அடர்நிறத்தில் இருந்தது. "பிரவுசரைத் திறங்க மாமா" என்றான். திறந்தேன். நீல வளையம் சுற்றியது. பெட்டிக்குள்ளிருந்து, மரத்தைப் பூச்சி அரிப்பதைப் போல 'கிறுகிறு' என்று ஹார்ட் டிஸ்கின் ஒலி வந்தது. இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்த ஒலிதான். 'சிபியு கஷ்டப்படுகிறது' என்றல்லவா அதை எண்ணியிருந்தேன். எண்களைப் பார்த்தேன். சிபியு 14%. என் வீட்டில் அவ்வளவு நேரமும் வேலையில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே ஆள், நான் திட்டிக்கொண்டிருந்த ஆள்தான்.

"பாவம் மாமா அது, சும்மா உக்காந்திருக்கு" என்றான் மருமகன். மறுநாள் இருவருமாகப் போய், ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போட 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், 4 ஜிபி ராம் ஒன்றும் வாங்கி வந்தோம். பழுதுநீக்குபவர் எழுதிய தொகையில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அன்று மாலை பொத்தானை அழுத்திவிட்டுப் பழக்கதோஷத்தில் எழுந்து நடந்தேன். சமையலறை வாசலைத் தாண்டுவதற்குள் "அப்பா, வந்திருச்சு" என்று மகள் கத்தினாள்.

ஒரு வருடம் நாலரை மாதம்

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு தாளை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். இதில் பெருக்கலைத் தாண்டிய கணிதம் எதுவும் இல்லை. 3.5 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடிக்கு 350 கோடித் துடிப்புகள். நம் கண்ணுக்குப் பிடிபடுவதற்காக, ஒரு துடிப்பு ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணக்கப்பிள்ளை மேசை முன்னால் உட்கார்ந்து, நொடிக்கு ஓர் எண்ணாகக் கூட்டிக்கொண்டிருக்கிறார் என்று கொள்ளலாம். அவருக்கு வேண்டிய எண், புராசசருக்குள்ளேயே மிக அருகிலுள்ள கேஷில் இருந்தால், கையை நீட்டி எடுக்க நான்கு நொடி ஆகும். ராமில் இருந்தால், எழுந்து அடுத்த அறைக்குப் போய் எடுத்துவர நான்கு நிமிடம். அதுவரை பொறுக்கலாம். எண் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் என்ன ஆகும்?

மேசைக் கணினி ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. வேண்டிய இடம், அதைப் படிக்கும் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் முனையே சரியான தடத்துக்கு நகர எட்டு ஒன்பது மில்லி நொடி ஆகும். மொத்தம் ஏறத்தாழ பன்னிரண்டரை மில்லி நொடி. நமக்கு அது கண் இமைப்பதைவிடச் சிறிய நேரம். புராசசருக்கு அது 4 கோடியே 37 லட்சம் துடிப்பு. நம் கணக்கப்பிள்ளையின் நாட்காட்டியில் அது 506 நாள். ஓர் எண் வேண்டும் என்று சீட்டு எழுதி அனுப்பிவிட்டு, அது வந்து சேர ஒரு வருடமும் நாலரை மாதமும் அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிரவுசர் திறக்க ஒரு சீட்டு போதாது. டிஸ்கின் வெவ்வேறு மூலைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் வேண்டும். போதாக்குறைக்கு 4 ஜிபி ராமில் இடம் நெருக்கடி ஆனதால், விண்டோஸ் ராமிலிருந்த பக்கங்களையும் டிஸ்கில் கொண்டுபோய் எழுதி, தேவைப்படும்போது திரும்ப எடுத்துவந்துகொண்டிருந்தது. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. ஒரு சீட்டுக்கு 0.1 மில்லி நொடி, அதாவது நாலு நாள். ஒன்றரை வருடத்துக்கும் நாலு நாளுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தச் சமையலறை வாசல்.

இப்படி 506 நாள் காத்திருக்கும் கணக்கப்பிள்ளையை, கூட்டல் வேகமாகப் போடும் இன்னொரு கணக்கப்பிள்ளையால் மாற்றினால் என்ன ஆகும்? அவரும் 506 நாள் காத்திருப்பார், கூடுதல் சம்பளத்தோடு. நான் செய்யவிருந்தது அதைத்தான். நண்பர்களிடம் சொன்னபோது ஏறக்குறைய எல்லோரும் இதே தவற்றைச் செய்திருந்தார்கள் என்று தெரிந்தது. ஒருவர் இரண்டாவது முறையாகப் புதுக் கணினி வாங்கி அதிலும் ஹார்ட் டிஸ்கையே போட்டுக்கொண்டிருந்தார். விளம்பரத்திலும், பெட்டியின் முகப்பு ஒட்டியிலும், கடையின் விலைப்பட்டியலிலும் முதலில் வரும் பெயர் புராசசருடையது. புகழும் அதற்கே, பழியும் அதற்கே.

பட்டியலில் இல்லாதவன்

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். 'எஸ்எஸ்டி போடுங்கள்' என்பது 2021இலேயே பழைய செய்தி. எனக்குத் தீராமல் இருப்பது அதற்குப் பின் நடந்தது. நிரபராதி என்று கண்டுபிடித்த உற்சாகத்தில், நான் ஜி4560க்கு வக்கீலாகவே மாறிவிட்டேன். யார் வந்தாலும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டுவேன். புராசசர் தேய்வதில்லை, அதில் அசையும் உறுப்பே இல்லை, முதல் நாள் என்ன கூட்டியதோ அதையே எட்டாவது வருடமும் அதே வேகத்தில் கூட்டும் என்று பேசுவேன். சுவர் மின்சாரத்தில் ஒரு மீட்டரை வைத்து, திரை நீங்கலாக முழுக் கணினியும் சும்மா இருக்கும்போது 30 வாட்டுக்குள் நிற்பதைக் காட்டுவேன். இன்வெர்ட்டரில் ஓடும்போது ஒரு மின்விசிறி நிறுத்தினால் ஈடாகிவிடும்.

நான் பேசியது முழு உண்மை அன்று. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைகள் வெளியானபோது, அவற்றை அடைப்பதற்காக இயங்குதளங்களில் செய்த மாற்றங்கள், கேபி லேக் உட்பட அந்தத் தலைமுறைப் புராசசர்களின் வேகத்தைச் சில வேலைகளில் குறைக்கவே செய்தன. ஜி4560க்குக் கிடைத்த பெரும் சீதனமான ஹைப்பர்-த்ரெடிங்கையே பாதுகாப்பு கருதி அணைத்து வைப்பது நல்லது என்று 2018இல் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் முடிவெடுத்தார்கள். சிலிக்கன் அப்படியேதான் இருந்தது. அதை நம்பலாமா என்பதில்தான் கருத்து மாறிவிட்டது.

எஸ்எஸ்டி போட்டு ஐந்து வாரம்கூட ஆகியிருக்காது. 2021 அக்டோபர் 5ஆம் தேதி விண்டோஸ் 11 வந்தது. அதற்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் வேண்டும்; ஏழாம் தலைமுறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றுக்கே இடம். ஜி4560 ஏழாம் தலைமுறை. கடையில் அன்று கறுப்பாக நின்ற திரை எனக்கு நினைவுக்கு வந்தது. அன்று மிகப் புதியதாக இருந்ததால் அடையாளம் தெரியவில்லை. இப்போது மிகப் பழையதாகிவிட்டதால் பட்டியலில் பெயர் இல்லை. இடையில் ஓடியது நான்கு வருடம், சொச்ச நாள். விண்டோஸ் 10க்குப் புதுப்பிப்புகள் வர 2025 அக்டோபர் 14 வரை தவணை இருந்ததால் அப்போது அதைப் பெரிதுபடுத்தவில்லை.

உண்மையான அடி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. மூத்த எழுத்தாளர் ஒருவரின் நேர்காணல் ஒலிப்பதிவுகள் ஒன்பது மணி நேர அளவில் என்னிடம் வந்தன. எழுத்தாக்கித் தர வேண்டும். தமிழ்ப் பேச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருள் ஒன்றை, இணையத்துக்கு அனுப்பாமல் வீட்டுக் கணினியிலேயே ஓட்டலாம் என்று மருமகன் நிறுவிக் கொடுத்தான். திறந்தேன். ஒரு சன்னல் தோன்றி மறைந்தது. மறுபடியும் திறந்தேன், மறுபடியும் மறைந்தது. பிழைச் செய்தி இல்லை, புகார் இல்லை, ஒன்றும் இல்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு முயன்றேன். என் வாதங்களுக்கெல்லாம் சாட்சியாக இருந்த அந்தச் சன்னலில் சிபியு 4%, டிஸ்க் 0%. எல்லோரும் சும்மாதான் இருந்தார்கள்.

காரணம் ஏவிஎக்ஸ் என்று அவன்தான் தேடிக் கண்டுபிடித்தான். ஒரே கட்டளையில் எட்டு எண்களைச் சேர்த்துப் பெருக்க உதவும் கட்டளைத் தொகுப்பு அது. இன்டெல் புராசசர்களில் 2011 முதல் இருக்கிறது. ஐ3-7100இல் உண்டு. ஜி4560இல் இல்லை. அன்று நான் கவனிக்காமல் விட்ட இன்னொரு வித்தியாசம் இதுதான். அதே கேபி லேக் கோர், அதே கேஷ். ஆனால் பென்டியம், செலரான் என்ற பெயரில் வருபவற்றில் ஏவிஎக்ஸ் கிடையாது என்பது அந்த நாளில் விற்பனை வகுப்பு பிரித்த முறை. 2018லேயே, செயற்கை நுண்ணறிவு நிரல்களுக்கு அடிப்படையாகும் டென்சர்ஃப்ளோ என்ற மென்பொருளின் 1.6 பதிப்பு முதல், தயார் நிலையில் கிடைக்கும் கோப்புகள் ஏவிஎக்ஸ் இருப்பதாக எண்ணிக்கொண்டுதான் வெளிவந்தன. தனக்குத் தெரியாத கட்டளை ஒன்று வந்தால் புராசசர் அதை மெதுவாகச் செய்து தருவதில்லை, நிரலையே அங்கேயே நிறுத்திவிடுகிறது. இதில் வேடிக்கை, சர்வர்களுக்கு வேண்டிய, பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் இசிசி ராமை, தகுந்த போர்டு இருந்தால், 64 டாலர் ஜி4560 ஏற்றுக்கொள்ளும். அதைவிட மூன்று மடங்கு விலையுள்ள அதே தலைமுறை ஐ5 ஏற்காது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பதில் எந்தக் கணக்கு என்று எனக்குப் புரிந்ததில்லை.

வீடியோவிலும் இதே போல ஒன்று. கேபி லேக்கின் வரைகலைப் பகுதி விபி9 வகை வீடியோவை வன்பொருளிலேயே விரித்துக் காட்டும். யூட்யூப் பார்க்கும்போது புராசசருக்கு வேலையே இருக்காது. பிறகு ஏவி1 வகை பரவியது. இன்டெல்லில் அதற்கான வன்பொருள் 2020இல் வந்த பதினோராம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. என் கணினியில் அந்த வேலை முழுவதும் இரண்டு கோர்களின் தலையில் விழுந்தது. அமைப்புகளில் போய் ஏவி1ஐத் தவிர்க்கச் சொன்ன பிறகுதான் விசிறி அடங்கியது. இங்கே டாஸ்க் மேனேஜர் சிபியு 80% என்று காட்டியது. முதன்முறையாக, மகள் 'சிபியு ஸ்லோ' என்று சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை.

ஆக, ஒரு புராசசர் எப்போது பழையதாகிறது என்ற கேள்விக்கு நான் வைத்திருந்த பதில் பாதியாகிவிட்டது. மெதுவாகிவிட்டது என்று சொன்னவர்கள் தவறு. அதை நான் எண்களோடு காட்டுவேன். ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்ன நானும் தவறு. எழுத்து, மெய்ப்பு, பிடிஎஃப், மின்னஞ்சல், வங்கி வேலை, வரி தாக்கல் என்று என் ஒரு நாளின் பத்து வேலைகளில் ஒன்பதுக்கு அது இன்றைக்கும் மிகையான புராசசர். பத்தாவது வேலைக்கு அது மெதுவான புராசசர்கூட இல்லை. மொழி தெரியாத ஆள். நம் பேச்சில் 'ஸ்லோ' என்ற ஒரே சொல்லில் இந்த இரண்டையும் போட்டு அடைக்கிறோம். முதலாவது நோய்க்கு மருந்து உண்டு. இரண்டாவதற்கு, 'அந்த ஒரு வேலை எனக்கு எவ்வளவு வேண்டும்?' என்ற கேள்விதான் உண்டு. அதைக் கடைக்காரரும் சொல்ல முடியாது, பழுதுநீக்குபவரும் சொல்ல முடியாது.

எனக்கு அந்த ஒலிப்பதிவுகள் வேண்டியிருந்தன. 2025 நவம்பரில், ஓர் அலுவலகம் கழித்துக் கட்டிய கணினிகளிலிருந்து ஐ5-7500 ஒன்றை மருமகன் கொண்டு வந்தான். என் எச்110 போர்டிலேயே பொருந்தும். எட்டாம் தலைமுறையை அதில் போட முடியாது. சாக்கெட்டின் பெயரும் தொடுமுனைகளின் எண்ணிக்கையும் அதே 1151தான், ஆனால் அதற்கு வேறு போர்டு வேண்டும். ஐ5-7500உம் ஏழாம் தலைமுறைதான், ஆகவே விண்டோஸ் 11 பட்டியலில் இதற்கும் இடமில்லை. தவணை முடிந்துவிட்டிருந்ததால் இருவருமாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினோம். தமிழ்99 விசைப்பலகை அதில் வருகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டேன், வந்தது.

மாற்றும் வேலையை நானே செய்தேன். விசிறியின் நான்கு பிளாஸ்டிக் கால்களையும் திருகி இழுத்தேன். எட்டு வருட பேஸ்ட் உலர்ந்து, நெற்றியில் காய்ந்த சந்தனம் போலப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைக்கத் துடைக்க எழுத்துகள் வெளிவந்தன: இன்டெல், பென்டியம், ஜி4560, 3.50 கிகாஹெர்ட்ஸ். நெம்பியை விடுவித்து அதைத் தூக்கியபோது ஒரு ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டின் எடைகூட இல்லை. ஐ5ஐ வைத்து, மூலையிலிருக்கும் பொன்னிற முக்கோணத்தைப் பார்த்துத் திசை சரிபார்த்து, மூடி அழுத்தினேன்.

கணினியை இயக்கி, வேகம் காட்டும் சன்னலைத் திறந்ததும் எனக்கு ஒரு ஏமாற்றம். முன்பும் நான்கு கட்டங்கள். இப்போதும் நான்கு கட்டங்கள். ஐ5-7500இல் நான்கு கோர், ஹைப்பர்-த்ரெடிங் இல்லை. ஜி4560இல் இரண்டு கோர், நான்காக வேடம் போட்டது. கட்டத்தைப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. தட்டச்சில் வித்தியாசம் தெரிகிறதா என்று ஒரு வாரம் கவனித்தேன். தெரியவில்லை. பிடிஎஃபில் தெரியவில்லை. ஒலியை எழுத்தாக்கும் மென்பொருளைத் திறந்தேன். சன்னல் தோன்றியது, மறையவில்லை. ஒன்பது மணி நேர ஒலியை இரண்டு இரவுகளில் எழுத்தாக்கிக் கொடுத்தது. பிழைகள் மலிந்த எழுத்துதான். 'கரிசல்' என்பது எல்லா இடத்திலும் 'பரிசல்' ஆகியிருந்தது. இருந்தாலும் கொடுத்தது.

ஜி4560 இப்போது என் மேசையில், பேனாக்கள் வைக்கும் குவளைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் மூலையில் துளை போட்டுச் சாவிக்கொத்தாக மாட்டிக்கொள்ளலாம், அவள் தோழி ஒருத்தி அப்படி வைத்திருக்கிறாள் என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். துளை போட்டுவிட்டால் பிறகு அது எந்த போர்டிலும் ஓடாது என்று சொன்னேன். "அதை யாருப்பா இனிமே போடப் போறாங்க?" என்கிறாள். ரிச்சி தெரு இழுப்பறையில் பேஸ்ட் அப்பிக் கிடந்த அந்த ஜி4400ஐப் பற்றி அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.